ஆறும் ஊரும் – 14: சாயம் போனது, உப்பு நின்றது

சென்ற அத்தியாயத்தில் நொய்யலைச் சிங்காநல்லூர்க் குளத்தங்கரையில் விட்டிருந்தோம். வெள்ளிங்கிரி மலையில் பிறந்து, பேரூரைத் தொட்டு, சித்திரைச்சாவடி முதலான அணைக்கட்டுகளின் வழியாகக் கோவைக் குளங்களை நிரப்பிய ஆறு, அந்த நகரத்தின் சாக்கடையையும் வாங்கிக்கொண்டு கிழக்கே புறப்பட்டது. சூலூர், சாமளாபுரம், மங்கலம் என்று தறிச் சத்தம் கேட்கும் ஊர்களைக் கடந்து அது திருப்பூருக்குள் நுழைகிறது. ஊருக்குள் நல்லாறும் ஜம்மனை ஓடையும் அதில் வந்து சேர்கின்றன. அதன்பிறகு கொடுமணல், ஒரத்துப்பாளையம், முத்தூர் வழியாகப் போய்க் கரூர் மாவட்டத்தில் காவிரியில் கலக்கிறது.

இந்த அத்தியாயத்துக்கு உரிய காலம் முப்பது ஆண்டுகளுக்கும் குறைவு. 1980களின் நடுவில் தொடங்கி, 2011 ஜனவரியில் வந்த ஒரு நீதிமன்ற உத்தரவில் உச்சத்துக்கு வருகிறது. நொய்யலைக் கெடுத்தது எது என்று யாரைக் கேட்டாலும் ‘சாயம்’ என்பார்கள். பத்திரிகைகளில் வந்த படங்களும் அப்படித்தான். பாலத்துக்கு அடியில் ஒரு நாள் சிவப்பு, மறுநாள் நீலம். ஆனால் ஒரத்துப்பாளையத்துக்குக் கீழே ஆயக்கட்டை அழித்தது நிறம் இல்லாத ஒரு பொருள். அது உப்பு. கண்ணுக்குத் தெரிந்ததைத் துரத்திக்கொண்டு ஓடி, தெரியாததைக் கோட்டைவிட்ட கதை இது.

வெள்ளை பனியன் காலம்

திருப்பூர் முதலில் பருத்திச் சந்தை. பிறகு பனியன் ஊர். பல பத்தாண்டுகள் அங்கே தயாரானது உள்நாட்டுச் சந்தைக்கான வெள்ளை பனியனும் ஜட்டியும்தான். பின்னி முடித்த துணியில் பருத்தியின் பழுப்பும் மெழுகும் எண்ணெய்க் கறையும் இருக்கும். அதைக் காரத்தில் வேகவைத்து, பிளீச்சிங் பவுடர் கரைசலில் ஊறவைத்து அலசினால் வெள்ளை வரும். அந்த வேலையைச் செய்தவை சலவைப்பட்டறைகள். தண்ணீர் கிடைக்கும் இடத்தில்தான் அவற்றுக்குப் பிழைப்பு என்பதால் ஆற்றங்கரையிலும் ஓடைக்கரையிலும் அமைந்தன. எண்ணிக்கை குறைவு. மழைக்காலத்து நொய்யல் அந்தக் கழிவை அடித்துக்கொண்டு போய்விடும் என்று ஊர் நம்பியது.

1980களில் ஏற்றுமதி வந்தது. ஐரோப்பியக் கடைகள் கேட்டது வெள்ளை பனியனை அல்ல, வண்ண டி-சர்ட்டை. 1985இல் சுமார் 15 கோடி ரூபாயாக இருந்த திருப்பூரின் ஏற்றுமதி, 2007 வாக்கில் 10,000 கோடியைத் தாண்டியது. இந்திய நகரங்களில் இவ்வளவு குறுகிய காலத்தில் இப்படி வளர்ந்தவை சொற்பம். தென் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக ஆட்கள் வந்தார்கள். பிறகு வட மாநிலங்களிலிருந்து ரயிலில் வந்தார்கள். சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. 2000த்தை ஒட்டிய ஆண்டுகளில் சாய, சலவைப்பட்டறைகள் எழுநூறுக்கும் மேல் இருந்தன.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். திருப்பூரில் ஒரு சட்டை ஒரே கூரையின் கீழ் உருவாவது அரிது. பின்னுவது ஓரிடம், வெளுப்பதும் சாயம் ஏற்றுவதும் வேறிடம், கட்டிங், தையல், செக்கிங் எல்லாம் தனித்தனி இடம். ஜாப் ஒர்க் முறை. சாயப்பட்டறைக்காரருக்குத் துணி சொந்தமில்லை. கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்குவார். பக்கத்துப் பட்டறை ஒரு ரூபாய் குறைத்தால் ஆர்டர் அங்கே போய்விடும். இந்த ஏற்பாட்டில் கழிவைச் சுத்திகரிக்கும் செலவைக் கூலியில் சேர்த்துக் கேட்கத் துணிந்தவர் தொழிலிலேயே இருந்திருக்க முடியாது. லாபத்தின் பெரும்பகுதி லேபிள் ஒட்டுகிறவர் பக்கம் போனது. கழிவு மொத்தமும் சாயமேற்றுகிறவர் வாசலில் நின்றது. அவர் அதை ஆற்றுக்குத் தள்ளிவிட்டார்.

பட்டறைக்குள் உப்பு

உப்பு எங்கிருந்து வந்தது என்பதைப் பார்க்கப் பட்டறைக்குள்ளேதான் போக வேண்டும்.

அந்தக் காலத்துப் பட்டறையில் பிரதானமான இயந்திரம் விஞ்ச். கீழே தொட்டி, மேலே சுழலும் உருளை. துணியைக் கயிறுபோல வளைத்து முனைகளைத் தைத்துவிட்டால், அது உருளை மேல் ஏறித் தொட்டிக்குள் இறங்கி மீண்டும் ஏறிச் சுற்றிக்கொண்டே இருக்கும். முதல் தண்ணீரில் கொதிக்கவைத்தல், அடுத்ததில் வெளுத்தல், பிறகு அலசல், அமிலம் விட்டு நடுநிலைப்படுத்தல், மறுபடி அலசல். அதற்குப் பிறகுதான் சாயத் தண்ணீர்.

பருத்திக்கு ஏற்றது ரியாக்டிவ் வகைச் சாயம். பளிச்சென்ற நிறம், துவைத்தால் போகாது. ஆனால் ஒரு சிக்கல். தண்ணீரில் நனைந்த பருத்தி இழையின் மேற்பரப்பில் எதிர்மின் ஏற்றம் இருக்கும். கரைந்த சாயத்துக்கும் அதே எதிர்மின் ஏற்றம்தான். ஆகவே ஒன்றை ஒன்று தள்ளும். சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடும். இந்த விலக்கத்தை அடக்கத்தான் உப்பு. மூட்டை மூட்டையாகத் தொட்டியில் கொட்டுவார்கள். நிறத்தின் அடர்த்தியைப் பொறுத்து லிட்டருக்கு 30 கிராமிலிருந்து 80 கிராமுக்கு மேலும் போகும். கறுப்பு, கடல்நீலம், அடர்சிவப்பு போன்ற நிறங்களுக்கு அதிகம் வேண்டும். கடல் நீரிலேயே லிட்டருக்கு 35 கிராம் உப்புதான் இருக்கிறது. உப்பு சாயத்தைத் துணியின் பக்கம் ஒதுக்கித் தள்ளியதும், சோடா ஆஷ் போட்டுக் காரமாக்கினால் சாயம் இழையோடு வேதிப்பிணைப்பாகிவிடும்.

சாயத்தில் பெரும்பகுதி துணியில் ஏறிவிடும். ஏறாமல் மிஞ்சியது கழிவில் வரும். அதுதான் ஆற்றில் நாம் பார்த்த நிறம். உப்பு அப்படியல்ல. அது துணியில் ஏறுவதே இல்லை. வேலையை முடித்துவிட்டு, போட்ட மூட்டை போட்டபடியே வெளியேறும். சாயத் தண்ணீரை இறக்கிய பிறகு இரண்டு மூன்று அலசல், ஒரு சோப்புத் தண்ணீர், மறுபடி அலசல், கடைசியில் துணி மென்மையாக ஒரு மருந்து. விஞ்ச் காலத்தில் ஒரு கிலோ துணியை வெளுத்துச் சாயமேற்ற நூறு லிட்டருக்கும் மேல் தண்ணீர் ஓடியது.

மொத்தக் கழிவுநீர் நாளொன்றுக்கு 8 கோடி லிட்டருக்கும் மேல் என்று கணக்கிடப்பட்டது. எல்லா அலசல் நீரும் சேர்ந்த பிறகு லிட்டருக்கு 5 கிராம் கரைந்த உப்பு என்று மிதமாகவே வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள். ஒரு நாளைக்கு 400 டன் வருகிறது. பத்து டன் லாரியில் ஏற்றினால் நாற்பது லாரி. அத்தனையும் தினந்தோறும் ஆண்டின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் ஓர் ஆற்றில் இறங்கின.

தண்ணீர் வந்த வழி

திருப்பூர் மழை குறைந்த பகுதி. நொய்யலோ பருவமழைக்கு மட்டும் ஓடும் ஆறு. இத்தனை கோடி லிட்டர் தண்ணீர் எங்கிருந்து கிடைத்தது? முதலில் பட்டறைகளின் சொந்தக் கிணறும் போரும். அவை தங்கள் கழிவாலேயே உப்பாகிவிட்டன. கடினத்தன்மையும் ஏறிய அந்தத் தண்ணீரில் நிறம் சரியாகப் பிடிக்காது என்பதால், ஊருக்கு வெளியே பல்லடம், அவிநாசிப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து டேங்கர் லாரிகள் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்தன. பயிர் வைப்பதைவிடத் தண்ணீர் விற்பது லாபம் என்று கண்ட தோட்டக்காரர்கள் மோட்டாரை நிறுத்தவில்லை. அந்தப் பகுதியின் நிலத்தடி நீரும் இறங்கியது.

அடுத்த கட்டம் பெரிய திட்டம். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் எடுத்துத் திருப்பூருக்குக் கொண்டுவர 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் குழாய் போடப்பட்டது. தனியார் பங்கேற்போடு நடந்த இந்தக் குடிநீர், தொழில்நீர்த் திட்டம் 2006இல் நடைமுறைக்கு வந்தது. காவிரியில் போய்ச் சேர வேண்டிய பவானியின் நன்னீர் குழாயில் திருப்பூருக்கு வந்து, உப்பேறி, நொய்யல் வழியாக மறுபடி அதே காவிரியில் கலந்தது. நன்னீரைக் கொண்டுவரக் கோடிகள் கிடைத்தன. அது கெட்டபிறகு என்ன செய்வது என்பதற்கு அப்போது யாரிடமும் முழுமையான திட்டம் இல்லை.

ஒரத்துப்பாளையம்

இதற்கிடையில் கீழே ஓர் அணை எழுந்துவிட்டது. சென்னிமலைக்குத் தெற்கே, சங்ககாலத்துத் தொழில்நகரமாக அகழாய்வில் வெளிப்பட்ட கொடுமணலுக்குச் சற்றுக் கிழக்கே, ஒரத்துப்பாளையத்தில் நொய்யலுக்குக் குறுக்கே சுமார் 16 கோடி ரூபாயில் கட்டப்பட்ட அணை 1992இல் திறக்கப்பட்டது. வெள்ளக் காலத்தில் வீணாகப் போகும் நீரைத் தேக்கி ஈரோடு, கரூர் மாவட்டங்களின் பல்லாயிரம் ஏக்கர் நிலத்துக்குக் கொடுப்பது நோக்கம். வறண்ட கொங்குச் சீமையில் அது விவசாயிகளின் நெடுநாள் கோரிக்கை.

அணை திறந்த நேரம்தான் சாயத்தொழில் உச்சத்தை நோக்கி ஏறிய நேரம். கோடையில் நொய்யலில் மேலேயிருந்து வர வேறு தண்ணீர் இல்லை. வந்தது பட்டறைக் கழிவு மட்டும். அது அணையில் தேங்கியது. வெயில் தண்ணீரை ஆவியாக்கி உப்பை மட்டும் விட்டுவைத்தது. கரைந்த உப்பு மேலும் செறிந்து, அடியில் கசிந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளுக்குள் இறங்கியது. பாசனத்துக்கென்று கட்டிய நீர்த்தேக்கம் நான்கைந்து ஆண்டுகளில் திருப்பூரின் கழிவுத்தொட்டி ஆகிவிட்டது.

கிணற்றில் உப்பு ஏறுவது ஒரே நாளில் தெரிவதில்லை. முதலில் சோப்பு நுரைக்காது. பருப்பு வேகாது. பிறகு மாடு தொட்டியில் வாய் வைத்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்ளும். தோட்டத்தில் முதலில் நெல்லும் மஞ்சளும் வாழையும் கைவிடும். தென்னை சில ஆண்டுகள் தாங்கும். பிறகு அதிலும் காய் சிறுக்கும், குரும்பை கொட்டும். சோடியம் கூடிய நீர் பாய்ந்தால் மண்ணின் பொலபொலப்புப் போய், நனைந்தால் சேறாகவும் காய்ந்தால் ஓடுபோல இறுகியும் கிடக்கும். அதன்பின் நல்ல மழை பெய்தாலும் தண்ணீர் உள்ளே இறங்காது. இந்த மண்ணைப் பழைய நிலைக்குக் கொண்டுவரப் பல ஆண்டு நன்னீர் வேண்டும். அந்த நன்னீர்தான் அங்கே இல்லை.

1990களின் பிற்பகுதியில் ஒரு வினோதமான நிலை உருவானது. அணை வேண்டும் என்று கேட்ட பகுதியினரே ‘தண்ணீரைத் தேக்காதே, மதகைத் திற’ என்றார்கள். மதகைத் திறந்தால் கீழே கரூர் விவசாயிகள் ‘எங்கள் வாய்க்காலில் விடாதே’ என்று மறித்தார்கள். தேக்கினால் ஒரு மாவட்டம் கெடும், திறந்தால் இன்னொரு மாவட்டம் கெடும். தண்ணீருக்காகச் சண்டை போட்ட ஊர்களை இத்தொடரில் பார்த்திருக்கிறோம். தண்ணீர் வேண்டாம் என்று சண்டை போட்ட ஊர்கள் இவை.

சட்டம் எங்கே இருந்தது?

சட்டம் இல்லாததால் இது நடக்கவில்லை. நீர் மாசுத் தடுப்புச் சட்டம் 1974லேயே வந்துவிட்டது. தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982இல் அமைந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986இல் வந்தது. 1988இல் நீர்ச் சட்டம் திருத்தப்பட்டு, மாசுபடுத்தும் ஆலையை மூடவும் அதன் மின்சாரத்தையும் தண்ணீரையும் நிறுத்தவும் வாரியத்துக்கே அதிகாரம் தரப்பட்டது. 1989 மார்ச்சில் தமிழ்நாடு அரசு ஓர் ஆணை பிறப்பித்தது. அதன்படி ஆறு, ஓடை, அணை ஆகியவற்றின் கரையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் கடும் மாசு உண்டாக்கும் தொழிற்சாலை வரக்கூடாது.

அந்த ஆணைக்குப் பிந்தைய பத்தாண்டுகளில்தான் நொய்யல் கரையில் சாயப்பட்டறைகள் மிக வேகமாகப் பெருகின.

விவசாயிகள் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1996இல் கரூர் வட்ட நொய்யல் கால்வாய் விவசாயிகள் சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் பாலாற்றுத் தோல் பதனிடும் ஆலைகள் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, மாசுபடுத்தியவரே சீரமைப்புச் செலவையும் இழப்பீட்டையும் ஏற்க வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தின் பகுதியாக்கியது. அந்தத் தீர்ப்பின் அடிப்படையில் அமைந்த சூழல் இழப்பு ஆணையம் பின்னாளில் நொய்யலுக்கும் வந்தது.

வழக்குகளின் நெருக்கடியில் பட்டறைகள் விழித்துக்கொண்டன. 1998இல் உயர் நீதிமன்றம் கெடு விதித்தது. பெரிய பட்டறைகள் தனியாகவும் சிறியவை கூட்டாகவும் சுத்திகரிப்பு நிலையங்கள் கட்டின. அரசு மானியம் தந்தது. பணம் செலவானது. கட்டடங்களும் எழுந்தன. ஆற்றில் நிறம் குறைந்தது.

இந்த அத்தியாயத்தின் திருப்பம் இங்கேதான். அந்த நிலையங்களில் நடந்தது என்ன? கழிவில் சுண்ணாம்பும் அன்னபேதியும் கலந்து நிறத்தைத் திரளவைத்து அடியில் படியச் செய்தார்கள். மேலே தெளிந்த நீர் வந்தது. கண்ணாடிக் குவளையில் பிடித்துக் காட்டினால் பார்ப்பவர் திருப்தி அடைவார். ஆனால் கரைந்த உப்பு திரள்வதில்லை, படிவதில்லை, வடிகட்டியில் நிற்பதில்லை. உள்ளே போன உப்பு அப்படியே வெளியே வந்தது. சுண்ணாம்பும் அன்னபேதியும் தம் பங்குக்குக் கொஞ்சம் சேர்த்தும் விட்டன. வாரியம் விதித்த வரம்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் கரைந்த உப்பு. வெளியேறிய நீர் அதைப்போலப் பல மடங்கு. கரைந்த உப்பின் மொத்த அளவைக் குறிக்கும் ‘டி.டி.எஸ்.’ என்ற மூன்றெழுத்து, பட்டறைக்காரர்கள் வாயிலும் விவசாயிகள் வாயிலும் வசைச்சொல்போல நுழைந்தது அப்போதுதான்.

ஊர் தெளிந்த நீரைப் பார்த்தது. ஆயக்கட்டுக்காரர் செத்த பயிரைப் பார்த்தார். இருவர் சொன்னதும் உண்மை.

லிட்டருக்குப் பத்துப் பைசா

2003இல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர்கள் பாதுகாப்புச் சங்கம் இரண்டாவது பெரிய வழக்கைத் தொடுத்தது. 2006 டிசம்பர் 22இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு சொட்டுக் கழிவுகூட ஆற்றுக்குப் போகக்கூடாது, சுத்திகரித்த நீரைப் பட்டறையே திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்பது அதன் சாரம். திருப்பூர்க்காரர்கள் ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ என்று சொல்வது இதைத்தான். அதற்கான நிலையங்கள் தயாராகும்வரை, வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசாவில் தொடங்கி 10 பைசா வரை அபராதம். கெடு 2007 ஜூலை இறுதி.

இந்தப் பைசாக்களைச் சற்று உற்றுப் பார்க்கலாம். 200 கிராம் எடையுள்ள ஒரு டி-சர்ட்டுக்குக் கிலோவுக்கு நூறு லிட்டர் வீதம் 20 லிட்டர் தண்ணீர். லிட்டருக்கு 10 பைசா என்றால் ஒரு சட்டைக்கு 2 ரூபாய். ஐரோப்பியக் கடையில் சில யூரோவுக்கு விற்கும் சட்டை அது. அந்த 2 ரூபாயை வாங்குகிறவரும் ஏற்றுமதியாளரும் பகிர்ந்துகொண்டிருந்தால் யாருக்கும் வலித்திருக்காது. ஜாப் ஒர்க் சங்கிலியில் அது சாயப்பட்டறைக்காரர் ஒருவர் தலையில் மட்டும் விழுந்ததால் அவரால் தாங்க முடியவில்லை. அதே நேரம், மொத்தமாகப் பார்த்தால் அபராதம் மிகக் குறைவு. 8 கோடி லிட்டருக்கு 6 பைசா வீதம் நாளுக்கு 48 லட்சம் ரூபாய். ஊரின் ஏற்றுமதியோ நாளுக்குச் சுமார் 27 கோடி. தொழில் முழுமைக்கும் இது ஒரு சின்னச் சுங்கக் கட்டணம். அதைக் கட்டிவிட்டுக் கழிவை விடுவது எளிதாக இருந்தது. தண்டனையாக வந்தது அனுமதிச் சீட்டாக மாறியது.

பட்டறை உரிமையாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2009 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் உயர் நீதிமன்றத்தின் பக்கமே நின்று, நிறைவேற்ற மூன்று மாதம் அவகாசம் தந்தது. அந்த அவகாசமும் கழிந்தது. கழிவு நிற்கவில்லை. விவசாயிகள் நீதிமன்ற அவமதிப்பு மனுவோடு மறுபடி வந்தார்கள்.

2011 ஜனவரி 28. தலைமை நீதிபதி எம்.ஒய்.இக்பால், நீதிபதி டி.எஸ்.சிவஞானம் அமர்வு ஒரே உத்தரவில் திருப்பூரின் எல்லாச் சாய, சலவைப்பட்டறைகளையும் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. மின் இணைப்பைத் துண்டிக்கவும் உத்தரவிட்டது. கழிவே வெளியேறாது என்று நிரூபிக்கும் நிலையம் மட்டும் பரிசோதனைக்குப் பின் திறக்கலாம். எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன.

பூட்டிய ஊர்

சாயப்பட்டறை நின்றால் பனியன் கம்பெனி நிற்கும். பின்னிய துணி குடோனில் குவிந்தது. ஆர்டர் வைத்திருந்தவர்கள் துணியை லாரியில் ஏற்றி வேறு மாவட்டங்களுக்கும் வேறு மாநிலங்களுக்கும் அனுப்பிச் சாயம் ஏற்றி வாங்கினார்கள். செலவு கூடியது, கெடு தவறியது. அறை வாடகை கட்ட முடியாத தொழிலாளர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பினார்கள். மாசு அங்கங்கே இடம் மாறியது. வேறு ஆற்றங்கரைகளில் திருட்டுத்தனமாகப் பட்டறை போட்டவர்களும் உண்டு. ஒரு ஊரை மட்டும் பூட்டினால் கழிவு பக்கத்து ஊருக்குக் குடிபோகும் என்பதை மற்ற மாவட்டங்கள் அந்த மாதங்களில் கற்றுக்கொண்டன.

திறவுகோல் தொழில்நுட்பத்தில் இருந்தது. உப்பைப் பிரிக்க இரண்டு கட்டம். ஒன்று, சவ்வு வழியாக அழுத்தி நன்னீரைப் பிழியும் ஆர்.ஓ. அது பெரும்பங்கு நீரைத் திருப்பித் தரும். மிச்சம் நிற்கும் செறிந்த உப்புநீரை ஆர்.ஓ.வால் மேலும் பிழிய முடியாது. இரண்டாவது கட்டமாக அதை எவாப்பரேட்டரில் கொதிக்கவைத்து ஆவியாக்கி உப்பைக் கட்டியாக எடுக்க வேண்டும். எவாப்பரேட்டர்கள் திட்டமிட்டபடி ஓடவில்லை. எரிபொருள் தின்றன, அடைத்துக்கொண்டன. அப்போது அருள்புரம் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தில் வேறொரு யோசனை சோதிக்கப்பட்டது. உப்பை ஏன் கட்டியாக்க வேண்டும்? நிறத்தையும் கடினத்தன்மையையும் நீக்கிய உப்புநீரை அப்படியே பட்டறைக்குத் திருப்பி அனுப்பினால், புது மூட்டை போடுவதற்குப் பதில் அதையே சாயத்தொட்டியில் ஊற்றலாமே. சாதாரண உப்புக்குப் பதிலாகச் சோடியம் சல்ஃபேட்டுக்கு மாறியதும் மீட்பதை எளிதாக்கியது. அதே 2011இல் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் அறிவித்தது. நிலையங்கள் ஒவ்வொன்றாகத் தேறி, பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன.

இவ்வளவு பெரிய அளவில் பல நூறு சிறு பட்டறைகள் கூடித் தங்கள் கழிவுநீரைத் தாங்களே திரும்பப் பயன்படுத்தும் ஏற்பாடு இந்தியாவில் அதற்கு முன் நடந்ததில்லை. ஆறு ஊருக்கு இலவசச் சாக்கடையாக இருந்தவரை ‘முடியவே முடியாது’ என்று சொல்லப்பட்ட காரியம், அந்த வசதி பறிபோனதும் நடந்தது. இதைத் திருப்பூரின் சாதனை என்று சொல்வதில் தவறில்லை. அதற்கான விலையில் பெரும்பகுதியை முன்பணமாகக் கட்டியவர்கள் ஒரத்துப்பாளையத்தாரும் கரூர் ஆயக்கட்டுக்காரர்களும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கணக்கில் மிச்சம்

அவர்களுக்கு என்ன கிடைத்தது? சூழல் இழப்பு ஆணையம் 2004இல் நொய்யல் விவசாயிகள் 28,000க்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 25 கோடி ரூபாய் இழப்பீடு நிர்ணயித்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரியாக 9,000 ரூபாய்கூட வரவில்லை. பத்தாண்டுப் பயிரும், கிணறும், தென்னந்தோப்பும் சேர்ந்த மதிப்பு அது. அதையும் வாங்க அலைந்தவர்கள் பலர்.

உப்பும் முழுமையாகப் போய்விடவில்லை. அணையில் படிந்த சேற்றிலும், ஆற்றோரக் கிணறுகளிலும், வயல் மண்ணிலும் அது இருக்கிறது. பெருமழை ஆண்டுகளில் கொஞ்சம் கழுவப்படுகிறது. இப்போதும் நொய்யலில் நுரை பொங்குவது உண்டு. அதில் உரிமம் இல்லாத பட்டறைகள் மழை நேரம் பார்த்துத் திறந்துவிடும் கழிவும் இருக்கிறது. கோவையும் திருப்பூரும் சுத்திகரிக்காமல் விடும் சாக்கடையும் இருக்கிறது.  பட்டறைகளை நீதிமன்றத்துக்கு இழுத்த அளவுக்கு நகராட்சிச் சாக்கடையை யாரும் இழுக்கவில்லை. அதற்கு ஏற்றுமதி மதிப்பும் இல்லை, புகைப்பட நிறமும் இல்லை.

நொய்யல் கதையில் வில்லன் பட்டறைக்காரர் என்று முடித்துவிடுவது சுலபம். ஆவணங்கள் வேறு மாதிரி சொல்கின்றன. 2011இல் உயர் நீதிமன்றம் செய்தது ஆலையை மூடி மின்சாரத்தை நிறுத்தியது. அதைச் செய்யும் அதிகாரம் 1988 முதலே சட்டப்படி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் இருந்தது. ஆற்றங்கரையில் பட்டறை வராமல் தடுக்கும் ஆணை 1989 முதல் அரசிடம் இருந்தது. உப்புக்கு வரம்பு இருந்தது, அதை அளக்கும் கருவியும் இருந்தது. இருபத்து மூன்று ஆண்டுகள் இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தது நிர்வாகம். குடிமக்கள் சங்கம் வைத்து, வக்கீல் வைத்து, பயிரை விட்டுவிட்டு நீதிமன்றப் படியேறிய பிறகே அசைந்தது. வரலாற்றின் முன் முதல் குற்றவாளி அந்த நிர்வாகமே.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் ஊர் ஆற்றைச் சுத்திகரித்துவிட்டோம் என்று யாராவது குவளையில் தெளிந்த நீரைக் காட்டினால் கை தட்டிவிடாதீர்கள். கரைந்த உப்பு எவ்வளவு என்று எண்ணாகக் கேளுங்கள். அந்த எண்ணை மாதாமாதம் ஊரறிய எழுதி வைக்கச் சொல்லுங்கள். நொய்யல் விவசாயிகள் பதினைந்து ஆண்டு வழக்காடிப் பெற்ற பாடம் இது ஒன்றுதான்.

அடுத்த இதழில் பாலாறு.

(தொடரும்)